ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கலயம்

கடலுக்குப் போய்விட்டு வந்து கதை சொல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. ராமேஸ்வரம் போனவள் மணல் கொண்டு வருவாள், சங்கு கொண்டு வருவாள், பாசிமணி கொண்டு வருவாள். பேச்சு தனியாக ஒரு மூட்டை வரும். நான் மட்டும் போய்விட்டு வந்து பேசவில்லை. பேசினால் சண்டை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் செய்ததை ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

என் வயதுக்காரிகளில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். சுற்றி வளைத்துச் சொல்ல வராது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "அப்பனைக் கடலில் கரைத்த பொண்ணு" என்று யாரோ சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆமாம். கரைத்தவள் நான்தான்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் இறங்கி உள்ளே நடக்கிற தூரம். வாசலில் நின்றால் அண்ணாமலையார் மலை தெரியும். எழுந்ததும் அதைத்தான் கும்பிடுவோம். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் மலையைப் பார்த்து நின்றுதான் ஊற்றிக்கொள்வோம். ஏரியில் முங்கினாலும் அப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கால் தானாகத் திரும்பும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வேண்டும்.

அப்பாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம்தான் நினைவு. சிவப்புக் கட்டம் போட்ட துண்டு ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும். வேர்வையும் பம்புசெட் ஆயிலும் சேர்ந்து அதில் ஒரு வாசனை. மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது பச்சையாகவே இரண்டு கடலை உரித்து என் வாயில் போடுவார். மண்ணோடு இனிக்கும்.

ஒரு கார்த்திகை தீபத்துக்கு என்னைத் திருவண்ணாமலை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பகலிலேயே கோயிலுக்குள் புகுந்து இடம் பிடித்துவிட்டார். சாயங்காலம் கூட்டம் நெரித்தது. என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலை மேல் தீபம் ஏற்றுகிற நேரத்துக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்தார். ஆடிக்கொண்டே வந்தார், ஆடிக்கொண்டே உள்ளே போய்விட்டார். கண்ணை மூடித் திறந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. நான் மூடவில்லை. ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். நான் குனிந்து அப்பா காதில் சொன்னேன், சாமி பாதி பொம்பளை என்று. அவர் ஆமாம் என்றார். ரெண்டும் ஒரே சாமிதான் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் அதிகம் பேசமாட்டார். அது எனக்கும் வந்திருக்கிறது.

அடுத்த வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மோர்ச் சோறு போட்டார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று அம்மா சொன்னாள். ஊசி போட்டால் காமாலை தலைக்கு ஏறிவிடும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்கள் நம்பியதைத்தான் சொன்னார்கள். அப்பா போய்விட்டார்.

எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை. அதனால் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தன் மகன் கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்தார். அவன் எனக்கு அண்ணன் முறை. மீசை அரும்புகிற வயசு. சட்டி சுட்டது போல. நடக்கும்போதே கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தான். அம்மா அன்றைக்கு எதுவும் சொல்கிற நிலையில் இல்லை.

பால் தெளித்த அன்று எலும்பும் சாம்பலும் எடுத்து ஒரு சின்ன மண்கலயத்தில் போட்டார்கள். வாயை மஞ்சள் துணியால் கட்டினார்கள். ராமேஸ்வரத்துக்குக் கொண்டு போய்க் கரைக்கிற வரை அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. தரையிலும் வைக்கக் கூடாது. எங்கள் கொல்லைப் புங்கமரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள். மழை வந்தபோது அம்மா யூரியா பையை வெட்டி அதற்குக் குல்லாய் மாதிரி கட்டினாள். அணில் அதன் மேல் ஏறி உட்காரும். நான் ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது மரத்தடியில் நின்று அன்றைக்கு நடந்ததை அப்பாவுக்குச் சொல்லிவிட்டுப் போவேன். அது விளையாட்டு இல்லை. சொல்லாமல் போனால் ஒரு மாதிரி இருந்தது.

கருமாதி முடிந்த கையோடு பெரியப்பா பேச்சை ஆரம்பித்துவிட்டார். கொள்ளி வைத்தது தன் மகன். கரைக்கப் போகிறவனும் அவன்தான். அப்படியென்றால் தம்பிக்குப் பிள்ளை அவன். பிள்ளைக்குத்தானே நிலம். எங்களுக்குச் சோற்றுக்குக் குறை வைக்க மாட்டார், என்னை நல்ல இடத்தில் கட்டிக் கொடுப்பார். இப்படி அடுக்கினார். ஊரிலும் அது நியாயம் என்றுதான் பேசினார்கள். அம்மா கேட்டுக்கொண்டு களை எடுத்தாள்.

வருஷம் திரும்பி, மாசி மகம் வந்தது. அன்று அம்மா என்னைப் பள்ளிகொண்டாப்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆற்றுக்கு அண்ணாமலையார் வருவார். எதற்கு வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். முன்னே ஊரை ஆண்ட ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. சாமியே நான் உனக்குப் பிள்ளை என்று சொல்லிவிட்டார். ராஜா செத்த பிறகு வருஷா வருஷம் சாமி ஆற்றங்கரைக்கு வந்து அவருக்குத் திதி கொடுக்கிறார். தை மாசம் ராஜா செத்த சேதி கேட்டு, சாமி மேளம் இல்லாமல் திரும்புவார். மாசியில் வந்து காரியம் செய்வார்.

கூட்டத்தில் நின்று பார்த்தோம். வெயில் கொளுத்தியது. நீர்மோர் கொடுத்தார்கள். அம்மா குடிக்கவில்லை. சாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது, ரொம்ப தூரம் நடந்த பிறகு, ஒன்று சொன்னாள்.

"ராஜாவுக்குப் புள்ள இல்லன்னு சாமி குடுக்குது. உங்கப்பாவுக்குப் புள்ள இல்லன்னு யாரு சொன்னது?"

சொல்லிவிட்டு நடையைக் கூட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அப்போது கீழ்பென்னாத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து, ஆள் சேர்த்து, கடலோரக் கோயில்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவார். டூர்க்காரர் என்போம். அடுத்த அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் இருக்கிற மாதிரி புறப்பட்டார். பெரியப்பா தனக்கும் அண்ணனுக்கும் இடம் சொன்னார். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னாள். நீங்கள் எதற்கு என்று பெரியப்பா கேட்டாராம். சாமி பார்க்க என்றாளாம்.

பஸ் கிளம்புகிற இடத்திலேயே தகராறு. கலயத்தை உள்ளே ஏற்றக் கூடாது என்று நாலு பேர் நின்றார்கள். கோயிலுக்குப் போகிற வண்டியாம், தீட்டாம். டூர்க்காரர் மேலே கேரியரில் கட்டிவிடலாம் என்றார். மேலே அண்டா, குண்டா, அரிசி மூட்டை, விறகு. உருண்டால் உடையும். அம்மா யாரோடும் வாதாடவில்லை. அப்பாவின் துண்டை எடுத்தாள். கலயத்தை அதில் நாலு சுற்று சுற்றினாள். கயிற்றைத் தான் உட்காரும் ஜன்னல் கம்பியில் கட்டி, கலயத்தை வெளியே தொங்கவிட்டாள். வண்டிக்குள்ளும் இல்லை, தரையிலும் இல்லை. யார் என்ன சொல்ல முடியும்?

பெரியப்பா கலயத்தை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. கயிற்றை விடவில்லை. வழி முழுக்க ஒரு கை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. பஸ் குழியில் இறங்கினால் கலயத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொள்வாள்.

எங்களுக்குப் பின் சீட்டில் ஒரு பூக்காரம்மா. கோயில் வாசலில் கடை போடுகிறவள். வாய் சும்மா இருக்காது. விருத்தாசலம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரரு டிக்கெட்டு எடுக்காம வர்றாரே. செக்கிங் ஏறுனா இன்னா சொல்லுவ?"

எனக்குப் பயமாக இருந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெளியதான வர்றாரு. காத்து வாங்கிகினு வர்றவருக்கு ஏது டிக்கெட்டு."

பஸ்ஸே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். பெரியப்பா மட்டும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த பஸ்ஸின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. டீசல், எலுமிச்சம்பழம், புளிச்சோறு, யாரோ எடுத்த வாந்தி, அதன் மேல் போட்ட மண். பூக்காரம்மா தலையில் வாடிய கதம்பம்.

முதல் கடல் பூம்புகாரில். அதற்கு முன் நாங்கள் யாரும் கடல் பார்த்ததில்லை. சத்தம் முதலில் வந்தது. பிறகு கருவாட்டு வாசனை. பிறகு திடீரென்று கண்ணுக்கு எட்டுகிற வரை ஒன்றுமே இல்லை. மலை இல்லை, மரம் இல்லை. பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதுவோ ஒன்று குறுக்கே நிற்க வேண்டும்.

அம்மா இறங்கவில்லை. கலயத்தோடு பஸ் நிழலில் நின்றாள். மற்றவர்கள் எல்லாம் ஆறு கலக்கிற இடத்தில் இறங்கினோம். இடுப்பளவுக்குப் போனதும் ஒருவர் கேட்டார், மலை எந்தப் பக்கம் என்று. அவ்வளவுதான். கூட்டம் முழுக்க அதே கேள்வி. ஒருவர் தெற்கைக் காட்டினார். இன்னொருவர் அவரைத் திட்டினார். கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சவுக்குத் தோப்புப் பக்கம் கை காட்டினார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தலைக்கு மேல் தூக்கினோம். அண்ணாமலையாருக்கு அரோகரா என்றோம். கடலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

அலை வந்தது யாருக்கும் தெரியாது. நான் உருண்டேன். மூக்கு, காது, பாவாடை எல்லாம் மணல். எழுந்து பார்த்தால் பெரியப்பா நாலு காலில் தவழ்கிறார். அவர் கையில் இருந்த பித்தளைச் சொம்பு போய்விட்டது. அது எங்கள் தாத்தா வீட்டுச் சொம்பு. அண்ணனைக் காணவில்லை. இரண்டு மீனவர்கள் ஓடி வந்து அவன் முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கடலுக்கு முதுகைக் காட்டுகிற ஜனத்தை இப்போதுதான் பார்க்கிறாளாம்.

பூக்காரம்மா புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள், "மலையப் பாத்து நின்னம். கடலுக்குக் கோவம் வந்துட்ச்சி."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டு உள் பக்கம் மாறி உட்கார்ந்தான். வேதாரண்யத்தில் உப்பு குவித்து வைத்திருப்பதைப் பார்க்க எல்லோரும் இறங்கினோம். அவன் இறங்கவில்லை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கிற ஒன்பது கல்லைச் சுற்றி வர, தண்ணீர் முழங்காலுக்குக் கூட வராது. குழந்தைகள் ஓடினார்கள். அவன் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியப்பா அவனைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். எனக்கு அப்போது அவனைப் பார்த்தால் கோபம்தான் வந்தது. எங்கள் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறவன் என்று.

அந்தக் காலத்தில் பாம்பனுக்கு ரோடு இல்லை. மண்டபத்தோடு பஸ் நின்றுவிடும். அதற்கு மேல் ரயில். அம்மா ஜன்னல் கம்பியில் இருந்து கயிற்றை அவிழ்த்தாள். ரயிலில் பெரியப்பா எங்களுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். கலயத்தை இப்போதே அண்ணன் மடியில் கொடுத்துவிடச் சொன்னார். இறங்கியதும் நேராகக் கடலுக்குப் போய்விடலாம், அமாவாசைக் கூட்டம் வரும் முன் முடித்துவிடலாம் என்றார்.

அம்மா கலயத்தை என் மடியில் வைத்தாள். முதல் தடவை அப்போதுதான் அதைத் தொட்டேன். இவ்வளவு நாள் பார்த்ததுதான், தொட்டதில்லை. இவ்வளவு கனம் இல்லாமல் இருக்கும் என்று நினைக்கவில்லை. என்னைத் தோளில் தூக்கிய ஆள்.

பாலத்தில் ரயில் ஊர்ந்தது. கீழே தண்ணீர் பச்சையாக, பக்கத்தில் நீலமாக. காற்று பெட்டியைத் தள்ளியது. அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். நான் இரண்டு கையாலும் கலயத்தைக் கட்டிக்கொண்டேன். பெரியப்பா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே கொடுக்கவில்லை. அந்த மாதிரி அவரை நான் பார்த்ததே கிடையாது.

ராமேஸ்வரத்துக் கடலைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. அலையே இல்லை. எங்கள் ஏரிதான். ஏரிக்கு அக்கரை தெரியும், இதற்குத் தெரியவில்லை. அவ்வளவு வித்தியாசம். ஈர வேட்டியோடு நிறையப் பேர் கும்பல் கும்பலாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாடுகள் வாழைக்காய்க்குச் சுற்றிச் சுற்றி வந்தன.

டூர்க்காரர் ஒரு அய்யரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் ஆட்கள் சுற்றி நின்றார்கள். அய்யர் இலையைப் போட்டு, எள்ளைப் போட்டு, காரியம் செய்கிற கர்த்தா யார் என்று கேட்டார். பெரியப்பா அண்ணன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எம் பொண்ணுதான் கரைக்கும்."

அய்யர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெண் குழந்தை செய்கிற வழக்கம் இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெரியப்பாதான் கோபமாகப் பேசினார். ஊர் பேர் தெரியாத இடத்தில் வந்து மானத்தை வாங்குகிறாள் என்றார். நாளைக்கு வயசுக்கு வந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் கரைத்தால் தம்பி கடைத்தேற மாட்டான் என்றார். கொள்ளி வைத்த கை ஒன்று, கரைக்கிற கை ஒன்றா என்றார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவர் பேசி முடித்த பிறகு சொன்னாள். அவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, நம்ம ஊர்ல ராஜாவுக்கு சாமி திதி குடுக்குது. சாமி இன்னா அவுரு வயித்துல பொறந்துச்சா? கொள்ளி வெச்சுதா? புள்ளன்னு சொல்லிச்சு, குடுக்குது. இவ நெஜமாவே பொறந்தவ. இவளுக்கு இன்னா கொறச்சல்?"

பெரியப்பா சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்.

"அது சாமிம்மா. சாமி ஆம்பள. ஆம்பள குடுக்குறாரு. நீ இன்னா பேசற?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"பாதிதான் பெரியப்பா."

"இன்னாடி?"

"சாமி பாதிதான் ஆம்பள. தீபத்தன்னிக்கு வெளிய வந்து ஆடும்போது நான் பாத்தேன். அப்பா தோள் மேல ஒக்காந்து பாத்தேன். மீதி பாதி பொம்பள."

யாரும் என்னை அடிக்கவில்லை. அடி விழும் என்றுதான் நினைத்துக் கலயத்தை மார்போடு சேர்த்துக்கொண்டேன். பூக்காரம்மா முதலில் சிரித்தாள். டூர்க்காரர் இருமினார். அய்யர் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார்.

"திருவண்ணாமலப் பக்கம் சாமி," என்றார் டூர்க்காரர்.

"அதான்," என்றார் அய்யர்.

அவர் மந்திரம் சொல்ல மாட்டேன் என்றார். அது அவர் வழக்கம், அதை விட முடியாது. ஆனால் கடல் அவர் பாட்டன் சொத்து இல்லையாம். இறங்குகிறவளைத் தடுக்கவும் மாட்டாராம். இலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கும்பலுக்குப் போய்விட்டார்.

பெரியப்பா அண்ணனைப் பிடித்து, எறங்குடா, நீதான் கரைக்கணும் என்றார். அண்ணன் இரண்டு அடி வைத்தான். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. நின்றுவிட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"தங்கச்சியே போவட்டும்பா. நான் கரையில நிக்கறன்."

பெரியப்பா அவனை அங்கேயே ஒரு அறை விட்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவனுக்கு விழுந்தது எனக்கு விழ வேண்டியது.

நான் இறங்கினேன். அம்மா பின்னால் முழங்கால் வரை வந்து நின்றாள். இடுப்புக்குத் தண்ணீர் வந்ததும் கால் தானாகத் திரும்பப் பார்த்தது. பழக்கம். நான் திருப்பவில்லை. கடலைப் பார்த்தே நின்றேன். பிறந்ததில் இருந்து அன்றைக்குத்தான் மலைக்கு முதுகைக் காட்டி நின்றேன். மலை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பாவின் துண்டைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு மஞ்சள் துணியை அவிழ்த்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன்.

"மந்திரம் இல்லன்னா போவுது. ஊட்டு விஷயத்த சொல்லி அனுப்பு."

சொன்னேன். மோட்டார் காயில் போய்விட்டது, கட்டியாயிற்று என்றேன். மயிலைப் பசு கன்று போட்டது, கிடாரிதான் என்றேன். புங்கமரத்தில் அணில் கூடு கட்டியிருக்கிறது, அது உனக்கே தெரியும் என்றேன். மல்லாட்டை இந்த வருஷம் பொக்கு கம்மி, பருப்பு திரட்சி என்றேன். நிலத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், கரைக்குக் கேட்கட்டும் என்று.

கலயத்தைக் கவிழ்த்தேன். சாம்பல் உடனே போகவில்லை. என் இடுப்பைச் சுற்றியே கொஞ்ச நேரம் நின்றது. அலை இல்லாத கடலுக்கு அவசரம் கிடையாது. பிறகு மெல்லப் பிரிந்து போனது. கலயத்தில் தண்ணீர் நிறைந்து, அதுவும் இறங்கியது. நான் அழவில்லை. அம்மாவும் அழவில்லை.

பிறகு கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போய்த் தலையில் ஊற்றிக்கொண்டோம். ஒரு கிணற்றுத் தண்ணீர் இனித்தது, ஒன்று கரித்தது. குளிரில் பல் தந்தியடித்தது. பெரியப்பா எங்களுக்கு முன்னால் முன்னால் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் எங்களோடு வந்தான். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. கிணற்றுத் தண்ணீருக்கு அவன் பயப்படவில்லை.

திரும்பி வரும் ரயிலில் அப்பாவின் துண்டை விட்டுவிட்டோம். ஈரம் காயட்டும் என்று ஜன்னல் கம்பியில் போட்டிருந்தது. மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறிய பிறகுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ரயில் போய்விட்டது. அப்போது அழுதாள். பஸ் ஆட்கள் கடற்கரையில் அழாதவள் ஒரு பழைய துண்டுக்கு அழுகிறாளே என்றார்கள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறும் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்ததும் பெரியப்பா பிள்ளையார் கோயிலில் நாலு பேரைக் கூட்டினார். கொள்ளி வைத்தவன் பிள்ளையா, இல்லையா என்று கேட்டார். பெரியவர்கள் யோசித்தார்கள். யார் கரைத்தது என்று அண்ணனையே கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தங்கச்சிதான் கரைத்தது, நான் கரையில் நின்றேன் என்றான். பஸ்ஸில் வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கரைத்த கையை விட்டுவிட்டு வேறு கையில் நிலத்தைக் கொடுக்க முடியாது என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். நிலம் எங்களிடமே இருந்தது.

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தாலுக்கா ஆபீசில் பட்டா மாற்றப் போனபோது அங்கே இருந்தவர் சொன்னார். கொள்ளியும் கரைப்பும் எதற்கும் உதவாதாம். சட்டப்படி நிலம் அப்போதே அம்மாவுக்கும் எனக்கும்தானாம். பெரியப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்த பெரியவர்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக எல்லோரும் அவ்வளவு தூரம் போயிருக்கிறோம். கேட்டுவிட்டு அம்மா, அப்படியா என்றாள். தெரிந்திருந்தாலும் நீதான் கரைத்திருப்பாய் என்றாள்.

அண்ணனுக்கு நிலமே வேண்டாம் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. அவனைக் கேட்கவே இல்லை. அவன் வேலூருக்குப் போய் லாரி பட்டறையில் சேர்ந்தான். இப்போதும் வருவான். இன்னமும் கடலைப் பார்க்க மாட்டான்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. பெண் என்றால் போகிறவள், அவளோடு நிலமும் போய்விடும் என்று பயந்தார். நான் போகவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் சேதி கேட்டுத் திரும்பிப் போனார்கள் என்றேனே, ஒருவர் போகவில்லை. அதைக் கேட்டுவிட்டும் உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடித்தார். இங்கேயே வந்து இருக்கிறீர்களா என்று கேட்டேன். இருந்தார். அதே கொல்லையில் அதே மல்லாட்டைதான் போடுகிறோம். பெரியப்பா கடைசி வரை என் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. நான் தினமும் வாசலில் சொம்பு வைத்தேன். கெஞ்சவில்லை.

எனக்கு இரண்டு பெண்ணும் ஒரு பையனும். பையனுக்கும் சொல்லிவிட்டேன், பெண்களுக்கும் சொல்லிவிட்டேன். என்னைப் பெண்கள்தான் கரைக்க வேண்டும். அவன் கரையில் நிற்கட்டும். நின்றால் ஒன்றும் குறைந்துவிட மாட்டான். மந்திரம் சொல்ல ஆள் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் வீட்டு விஷயம் சொன்னால் போதும். அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

இப்போது ராமேஸ்வரம் வரை ரோடு இருக்கிறது. ஏசி பஸ் போகிறது, அதில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்கிறாள் பெரியவள். அதில் ஜன்னல் திறக்காதாம். எனக்கு அது வேண்டாம். ஜன்னல் திறக்கிற வண்டியாகப் பாருங்கள். கம்பியில் கயிற்றை நன்றாக முடிச்சுப் போட்டு வெளியே தொங்கவிடுங்கள். குழியில் இறங்கும்போது மட்டும் ஒரு கை கொடுங்கள். மற்றபடி நான் காற்று வாங்கிக்கொண்டு வருகிறேன்.